கியோட்டோவில் வாகாஷியும் மச்சாவும்: எந்தக் கடையில் உட்காரலாம்?

தாழம்பூ எழுதியது:

ஜூன் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு கியோட்டோ போகிறேன். ரயில் பாஸ், கோயில்கள் எல்லாம் இந்தக் குழுவின் பழைய இழைகளைப் படித்தே முடிவு செய்துவிட்டேன். ஒன்றுதான் பாக்கி. பழைய ஜப்பானிய இனிப்புக் கடை ஒன்றில் நிதானமாக உட்கார்ந்து வாகாஷி (ஜப்பானின் பாரம்பரிய இனிப்பு) சாப்பிட்டு மச்சா (பச்சைத் தேயிலைப் பொடியை வெந்நீரில் கலக்கியது) குடிக்க வேண்டும். கிமோனோ வாடகை, தேநீர்ச் சடங்கு வகுப்பு எதுவும் வேண்டாம். அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். முழங்கால் வலியால் தரையில் மண்டியிட முடியாது. இணையத்தில் தேடினால் பச்சை ஐஸ்கிரீமும் பர்ஃபேயுமாகவே வந்து நிற்கிறது. போனவர்கள், அங்கே இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

ஒசாகாவில்_ஒருவன் எழுதியது:

தோழி, ‘மச்சா’ என்று தேடுவதால்தான் பர்ஃபே வருகிறது. இனிப்பை வைத்துக் கடையைத் தேடுங்கள். இந்தக் கடைகள் இனிப்புக்காரர்களுடையவை. மச்சாவைத் தேயிலைக் கடைகளிலிருந்து வாங்கி, உள்ளே கலக்கி எடுத்து வருவார்கள். கடைக்குக் கடை பெரிதாக மாறுவது தட்டில் வருவதுதான்.

முழங்காலை மனதில் வைத்துச் சொல்வதானால் என் முதல் தேர்வு த்சுருயா யோஷினோபு. நிஷிஜின் பக்கம், இமாதேகாவா தெருவும் ஹோரிகாவா தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. 1803-ல் தொடங்கியது. கீழே விற்பனை, மாடியில் காயூ ஜாயா என்று ஒரு சின்ன இடம். மேடைக்கு முன்னால் நாற்காலியில் உட்காரலாம். அந்தப் பருவத்து இனிப்புகளில் ஒன்றைக் காட்டினால் கைவினைஞர் கண்ணெதிரே செய்து தருவார். வெள்ளை அவரை விழுதில் பிசைந்த நிற மாவை உள்ளங்கையில் தட்டி, நடுவில் அங்கோ (இனிப்புப் பயறு விழுது) உருண்டையை வைத்து மூடி, முக்கோண விளிம்புள்ள மரக்கோலால் இதழ் கீறுவார். முடித்த கையோடு தட்டில் வைத்து நீட்டுவார், பின்னாலேயே மச்சா வரும். அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும். கிளம்பும் முன் விடுமுறை நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கியோனில் சுற்றும் நாளென்றால் ஷிஜோ தெருவில் காகிசென் யோஷிஃபுசா. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் கடை. அங்கே எல்லாரும் கேட்பது குசுகிரி: யோஷினோ மலைப்பக்கத்து குசு என்னும் கொடியின் கிழங்கு மாவைக் காய்ச்சித் தகடாக்கி, பட்டையாக நறுக்கி, பனிக்கட்டி போட்ட நீரில் மிதக்க விட்டுக் கொடுப்பார்கள். கருப்புச் சர்க்கரைப் பாகில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். வந்தவுடன் கண்ணாடி போல இருக்கும். படம் எடுத்துக்கொண்டே இருந்தால் மங்கிப்போய் வழுக்கலும் போய்விடும். ஜூன் புழுக்கத்தில் இதைவிட நல்லது கிடையாது. ஆனால் இதற்கு மச்சா பொருத்தமில்லை என்பது என் கருத்து. மச்சா வேண்டுமென்றால் அன்றைய ஈர இனிப்பு ஒன்றைக் கேளுங்கள். அப்புறம் வெளியே வரும்போது கடையில் நிற்கும் பெரிய மர அலமாரியைப் பாருங்கள், கூரோதா தாத்சுஆகி என்ற மரக்கலைஞர் செய்தது.

கூட்டமே வேண்டாம் என்றால் தோராயாவின் இச்சிஜோ கிளை. அரண்மனைப் பூங்காவுக்கு மேற்கே, தோட்டத்தைப் பார்த்தபடி நாற்காலிகள். கோ-யோசெய் பேரரசர் காலத்திலிருந்து, அதாவது 1611-க்கு முன்பிருந்தே அரண்மனைக்கு இனிப்பு கொடுத்தவர்கள். 1869-ல் பேரரசர் டோக்கியோ போனபோது கடையும் கூடவே போனது, கியோட்டோ கடையையும் விடவில்லை.

திருவல்லிக்கேணி எழுதியது:

எதிர்க்கட்சி ஒன்று வேண்டுமல்லவா, நான் இருக்கிறேன். அராஷியாமாவில் ஒரு பழைய கடை, பெயர் வேண்டாம். பூ மாதிரி ஒரு உருண்டை வந்தது. பார்க்க அழகு, மறுக்கவில்லை. வாயில் போட்டால் நெய்யும் ஏலக்காயும் இல்லாத போளிப் பூரணம். அதோடு பச்சைத் தழை வாசனையில் ஒரு கிண்ணம் கசப்பு, நாலு மடக்கில் தீர்ந்துவிட்டது. 1,500 யென்! அந்தக் காசுக்கு இரண்டு வேளை உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டிருப்பேன். ஒரு தடவை பார்க்கலாம், அதற்காகப் பயணத்திட்டமே போட வேண்டாம்.

புளியோதரை எழுதியது:

+1 உடோனுக்கு.

கசப்பு_பிரியர் எழுதியது:

திருவல்லிக்கேணி ஐயா, பூரணம் என்றீர்களே, அதில் பாதி உண்மை. இரண்டும் வேகவைத்து மசித்த பருப்பும் இனிப்பும்தான். ஆனால் அங்கோ செய்பவர்கள் அட்சுகி என்னும் சிவப்புப் பயறு கொதித்த முதல் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள், துவர்ப்பு போக. கோஷியான் என்னும் நைசான வகைக்குத் தோலைச் சலித்து எடுத்துவிட்டு, மாவைத் தண்ணீரில் அலசித் துணியில் பிழிந்து, அதற்குப் பிறகுதான் சர்க்கரை சேர்த்துக் கிண்டுவார்கள். கொழுப்பு இல்லை, வாசனைப் பொருள் இல்லை. வேண்டுமென்றேதான். தேநீரின் மணத்தோடு போட்டி போடும் எதையும் அந்த இனிப்பில் வைப்பதில்லை. நெய் பட்ட நாக்கில் மச்சாவின் நுரை நிற்காது, வீட்டில் மைசூர்பாகோடு குடித்துப் பாருங்கள், தெரியும்.

ஒரு கேள்வி. எந்த வரிசையில் சாப்பிட்டீர்கள்?

திருவல்லிக்கேணி எழுதியது:

ஒரு கடி, ஒரு வாய். மாறி மாறி. வேறெப்படி?

கசப்பு_பிரியர் எழுதியது:

அங்கேதான் விஷயமே இருக்கிறது. இனிப்பை முழுக்கச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். கிண்ணத்தை அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். இது மரியாதைக்காக ஏற்பட்ட விதி மட்டுமில்லை. தித்திப்பு நாக்கு முழுக்கப் பரவி, ‘கொஞ்சம் அதிகமோ’ என்று தோன்றுகிற நேரத்தில் முதல் மடக்கு உள்ளே போனால் கசப்பு கசப்பாகவே தெரியாது. இனிப்பை அறுத்துக்கொண்டு போய், பின்னாலேயே ஒரு ருசி வரும், கொம்பு என்னும் கடற்பாசியில் வைத்த ரசத்தில் வருமே, உமாமி என்கிற அந்தச் சுவை. மாறி மாறிச் சாப்பிட்டால் ஒவ்வொரு முறையும் கசப்பு இனிப்பைக் கெடுக்கும், இனிப்பு கசப்பைக் கூட்டும். தனியாகக் குடிக்க உண்டான பானமாக மச்சாவை நான் நினைப்பதே இல்லை. தட்டில் இருப்பது முதல் பாதி, கிண்ணத்தில் இருப்பது இரண்டாம் பாதி.

அந்த ருசி எங்கிருந்து வருகிறது என்றால், பறிப்பதற்கு முன் 20 நாளோ அதற்கு மேலோ தேயிலைச் செடிகளுக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். இலையில் அந்த ருசியைத் தரும் தியானின் என்ற பொருள் வெயில் பட்டால் துவர்ப்புத் தரும் கேட்டகினாக மாறும். மறைத்தால் தியானின் அப்படியே தங்கிவிடும். பறித்த இலையை ஆவியில் காட்டி, உருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கினால் தென்ச்சா. அதைக் கல் இயந்திரத்தில் அரைத்தால் மச்சா. ஒரு கல் ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் அளவுக்குத்தான் அரைக்கும். வேகமாக ஓட்டினால் சூடேறி மணம் போய்விடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: சுற்றுலாக் கூட்டம் நெருக்கும் இடங்களில் சுமாரான பொடியைக் கொதிக்கிற தண்ணீரில் கலக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. உங்களுக்கு வந்தது அதுவாகவும் இருக்கலாம். நல்ல கிண்ணத்தில் தழை வாசனை முன்னால் நிற்காது.

திருவல்லிக்கேணி எழுதியது:

வரிசை மாற்றிக் குடித்துப் பார்க்கிறேன், சரி. 1,500 யென்னுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒசாகாவில்_ஒருவன் எழுதியது:

நான் சொல்கிறேன். இனிப்பு, மச்சா சேர்த்துப் பெரும்பாலான கடைகளில் 1,000 யென்னிலிருந்து 1,500 வரை ஆகும், பெயர்போன இடத்தில் இன்னும் கொஞ்சம் மேலே. உட்காரும் இடத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். யாரும் எழுப்ப மாட்டார்கள். டிப்ஸ் கிடையாது.

மலிவாக வேண்டுமென்றால் கோயில்கள். ஓஹாராவில் ஹோசென்-இன் என்ற கோயிலில் நுழைவுச்சீட்டிலேயே மச்சாவும் இனிப்பும் அடக்கம். மண்டபத்தில் உட்கார்ந்து, தூண்களுக்கு நடுவே தெரியும் பழைய பைன் மரத்தைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம். தரைதான், அம்மாவுக்குச் சிரமம்.

இமாமியா கோயில் வாசலில் அபுரி மோச்சி இன்னும் எளிமை. இச்சிமோஞ்சியா வாசுகே கடை 1000-ஆம் ஆண்டில் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். எதிர்ப்பக்கம் காசாரியா, அதுவும் நூற்றாண்டுகள் கண்ட கடை. இரண்டு பக்கமும் நின்று கூப்பிடுவார்கள், எந்தப் பக்கம் போனாலும் மற்றவர் முகத்தைப் பார்த்தபடிதான் சாப்பிட வேண்டும். கட்டைவிரல் நுனி அளவு மோச்சியை, அதாவது பசையரிசி உருண்டையை, வறுத்த சோயா மாவில் புரட்டி, மூங்கில் குச்சியில் குத்தி, கரியில் சுட்டு, வெள்ளை மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) பாகில் முக்கித் தருவார்கள். அங்கே மச்சா கிடையாது, சாதாரணத் தேநீர்தான். திருவல்லிக்கேணி சாருக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். கரிவாசனை இருக்கிறது, பூ வேலைப்பாடு இல்லை.

தாழம்பூ எழுதியது:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. சைவம் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். ஜெலட்டின் இருக்குமா? இன்னொன்று, அம்மா மாலை நாலு மணிக்கு மேல் காபி குடித்தால் இரவெல்லாம் விழித்திருப்பார். மச்சா எப்படி?

கசப்பு_பிரியர் எழுதியது:

சைவர்களுக்கு ஜப்பானில் இவ்வளவு சுலபமான சாப்பாடு வேறில்லை. பயறு, அரிசி மாவு, சர்க்கரை, கிழங்கு மாவு, அகர், பெரும்பாலும் இவ்வளவுதான். நெய், பால், வெண்ணெய் எதுவும் பழைய வகைகளில் இல்லை. யோகான் என்னும், பயறு அல்வா மாதிரியான கட்டி இனிப்பு உறைவது அகரால். நம் ஊர் மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று விற்பதும் அதே கடற்பாசிப் பொருள்தான். கியோட்டோவின் ஃபுஷிமியில் பதினேழாம் நூற்றாண்டில், குளிர்காலத்தில் வெளியே போட்ட கடற்பாசிக் கூழ் உறைந்து காய்ந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. அதற்கு முன் யோகானை ஆவியில்தான் வேகவைத்தார்கள்.

முட்டை இருப்பவை: காஸ்தெரா, தோராயாகி, கிமி ஷிகுரே, சில மஞ்சூக்களின் (அங்கோ பொதிந்த சிறு பன்) மேல்தோல். ஜூனில் கண்ணாடிப் பெட்டிகளில் வாகா-ஆயு என்று மீன் வடிவ இனிப்பு இருக்கும். மீன் இல்லை, பயப்பட வேண்டாம், ஆனால் அந்தத் தோல் முட்டை மாவு. வெள்ளை அவரை விழுதில் பூ மாதிரி செய்யும் நெரிகிரியில் முட்டை வராது. கியோட்டோவில் அதற்குப் பதில் அதிகம் செய்யும் கோனாஷி, அங்கோவில் கோதுமை மாவு கலந்து ஆவியில் வேகவைத்துப் பிசைவது, அதிலும் பிரச்சினை இல்லை. ஜெலட்டின் பயம் பர்ஃபே, புட்டிங் பக்கம்தான். சந்தேகம் வந்தால் ‘தமாகோ ஹைத்தே இமாஸ் கா’ என்று கேளுங்கள், முட்டை சேர்ந்திருக்கிறதா என்று பொருள்.

காபீன்: ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம் பொடி போட்டால் 60 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே. காபிக்குப் பக்கத்தில் வந்துவிடும். பொடியையே விழுங்குகிறோம், வடிகட்டிக் குடிப்பதில்லை. அம்மாவை மதியத்துக்குள் அழைத்துப் போங்கள்.

மாம்பலம்_எக்ஸ்பிரஸ் எழுதியது:

இதெல்லாம் சரி, ஐஸ் மச்சா லாட்டேயை ஏன் ஒருவரும் மதிப்பதில்லை? சர்க்கரை, பால், பனிக்கட்டி, உலகமே குடிக்கிறது. வரிசை, விதி, பாதி என்று எதுவும் வேண்டாம்.

நெறியாளர்:

லாட்டே பற்றி அதற்குப் பின் வந்த பதில்களை ‘மச்சா லாட்டே: ஆதரவும் எதிர்ப்பும்’ இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தாழம்பூவின் கேள்வியோடு தொடரவும்.

ஷிமானே_தமிழ் எழுதியது:

கியோட்டோ, கியோட்டோ என்றே போய்க்கொண்டிருக்கிறது, நான் ஷிமானே மாநிலத்து மாத்சுஏ ஊருக்காக வாதாட வந்தேன். வாகாஷிக்கு ஜப்பானில் மூன்று ஊர்களைச் சொல்வார்கள்: கியோட்டோ, கனசாவா, மாத்சுஏ. எங்கள் ஊருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு பிரபு, மாத்சுதைரா ஃபுமாய், 1751 முதல் 1818 வரை வாழ்ந்தவர். தேநீர்ப் பைத்தியம். அவர் விருந்துகளுக்குச் செய்த இனிப்புகள் சில இன்றும் கடைகளில் இருக்கின்றன: பசும்புல் நிறப் பொடி தூவிய வாகாகுசா, சிவப்பும் வெள்ளையுமாக உதிரும் யாமாகாவா, கடுகுப்பூ வயலை நினைவுபடுத்தும் மஞ்சள் நிற நதானே நோ சாதோ.

கியோட்டோவில் மச்சா குடிப்பது ஒரு நிகழ்ச்சி. இங்கே வீட்டில் சும்மா குடிப்பார்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டி கேஸ்காரர் வந்தாலும் ஒரு கிண்ணம் கலக்கிக் கொடுப்பார், சடங்கு எதுவும் இல்லை, சமையலறை மேசையில்தான். மெய்மெய்-ஆன் என்று ஃபுமாய் காலத்துத் தேநீர்க் குடில் இருக்கிறது, 1779-ல் கட்டியது. கோட்டை தெரியும் மேட்டில், இந்த இனிப்புகளோடு மச்சா தருகிறார்கள். ஒகாயாமாவிலிருந்து யாகுமோ ரயிலில் வரலாம். கூட்டம் என்பதே இல்லை. உங்கள் திட்டத்தில் ஓர் இரவு மிச்சமிருந்தால் யோசியுங்கள்.

தாழம்பூ எழுதியது:

ஆசையாக இருக்கிறது, ஆனால் அம்மாவோடு அவ்வளவு ரயில் மாற முடியாது. அடுத்த முறை கட்டாயம். ஜூன் கடைசியில் கியோட்டோவில் எந்த இனிப்பைத் தவறவிடக் கூடாது? கிண்ணத்தைச் சுற்ற வேண்டும் என்கிறார்களே, அதெல்லாம் செய்ய வேண்டுமா?

ஒசாகாவில்_ஒருவன் எழுதியது:

மினாசுகி. சந்தேகமே இல்லை. ஜூன் மாதம் முழுக்க ஊரெங்கும் விற்கும், ஆனால் சாப்பிட வேண்டிய நாள் 30-ஆம் தேதி. ஆண்டின் முதல் பாதி தீட்டைக் கழிக்கும் நாள் அது, கோயில் வாசல்களில் புல்லால் கட்டிய பெரிய வளையம் வைத்திருப்பார்கள், அதற்குள் நுழைந்து வர வேண்டும். மினாசுகி முக்கோணத் துண்டு. கீழே ‘உயிரோ’ என்னும் வெள்ளைப் பகுதி, அரிசி மாவைச் சர்க்கரையோடு ஆவியில் வேகவைத்த வழவழப்பான அடுக்கு. மேலே இனிப்பு அட்சுகி நிறையப் பதிந்திருக்கும். அந்தக் காலத்தில் அரண்மனையில் கோடையில் பனிக்கட்டி சாப்பிடுவார்களாம், ஜனங்களுக்கு அது எட்டாது, அதனால் பனித்துண்டு வடிவத்தில் மாவை வெட்டிச் சாப்பிட்டார்கள் என்கிறார்கள். சிவப்புப் பயறு கெட்டதை விரட்ட. பெட்டிக்கடையிலிருந்து பெரிய கடை வரை எல்லாரும் செய்வார்கள், விலையும் குறைவு. 30-ஆம் தேதி மதியத்துக்கு மேல் நல்ல கடைகளில் மிஞ்சாது.

கூடவே ஹைட்ரேஞ்சியா பூ வடிவ இனிப்புகள். ஊதாவும் நீலமுமாக அகரைப் பொடிப்பொடியாக வெட்டி அங்கோ உருண்டை மேல் ஒட்டியிருப்பார்கள். மழை நாளில் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அதே பூ சாலையோரம் நனைந்து நிற்கும். ஜூலை நடுவில் போனால் இது போய் வேறு வந்திருக்கும், கேட்டாலும் கிடைக்காது.

கசப்பு_பிரியர் எழுதியது:

கிண்ணம் சுற்றுவது: அழகான பக்கத்தை நம் பக்கம் திருப்பி வைப்பார்கள். அந்தப் பக்கத்தில் வாய் வைக்காமல் இருக்க, இடது உள்ளங்கையில் கிண்ணத்தை வைத்து, வலது கையால் கொஞ்சம் திருப்பிக் குடிப்பது. கடையில் செய்யாவிட்டால் ஒருவரும் கவலைப்பட மாட்டார்கள். கடைசி மடக்கைச் சத்தமாக உறிஞ்சலாம், தீர்ந்தது என்று அர்த்தம். நம்மவர்களுக்கு இது இயல்பாகவே வரும்.

இனிப்போடு வரும் தட்டையான குச்சி குரோமோஜி மரத்தில் செதுக்கியது, பட்டையோடு இருக்கும், மோந்து பாருங்கள். அந்தக் குச்சியால் இனிப்பை மூன்று நாலு துண்டாக வெட்டிச் சாப்பிட வேண்டும். ஒரே வாயில் போட்டால் உள்ளே அடுக்கு அடுக்காக இருக்கும் நிறம் தெரியாமலே போய்விடும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், சின்ன அறை. கைவினைஞரைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நுரை குறைவாக வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தேநீர்ச் சடங்குப் பள்ளிகளில் உராசென்கே வழியில் முழுக்க நுரை எழுப்புவார்கள், ஓமோதேசென்கே வழியில் ஒரு பக்கம் நுரையில்லாமல் பிறை போல விடுவார்கள்.

புளியோதரை எழுதியது:

உடோன் கட்சியிலிருந்து விலகலாமா என்று யோசிக்கிறேன். சென்னைக்கு எதை வாங்கி வரலாம்?

கசப்பு_பிரியர் எழுதியது:

மேலே சொன்ன பூ வகைகளை வாங்கவே வாங்காதீர்கள், அன்றைக்கே சாப்பிட வேண்டியவை. மோச்சியும் அப்படித்தான், மறுநாள் ரப்பராகிவிடும். வாங்க வேண்டியது உலர் இனிப்பு. தோக்குஷிமா, காகாவா பக்கத்தில் ஒரு மெலிந்த கரும்பிலிருந்து எடுக்கும் வாசன்போன் சர்க்கரையை அச்சில் அழுத்திச் செய்வது. நாக்கில் வைத்ததும் கரையும், மாதக்கணக்கில் கெடாது. காகிசென்னில் சாமந்திப்பூ வடிவில் கிகுஜுதோ என்று இருக்கிறது. மூடி பிரிக்காத யோகானும் நன்றாகத் தாங்கும். போர்ச்சுகீசியர் கொண்டுவந்த கொன்பெய்தோ மிட்டாயும் உண்டு. 1847-லிருந்து அதை மட்டுமே செய்யும் ரியோகுஜுஆன் ஷிமிசு என்ற கடை கியோட்டோவில் இருக்கிறது. சாய்ந்த சட்டியில் பாகு ஊற்றி ஊற்றிப் புரட்டி, அந்த முள்முனைகள் வளர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

மச்சா டப்பாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2024 இலையுதிர் காலத்திலிருந்து பெரிய தேயிலைக் கடைகளே ஆளுக்கு இத்தனைதான் என்று கட்டுப்படுத்துகின்றன. உலகம் முழுக்கத் தேவை ஏறிவிட்டது, 2025 வசந்தத்தில் கியோட்டோ ஏலத்தில் தென்ச்சா விலை முந்தைய ஆண்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. புதுச் செடி நட்டால் நல்ல இலை எடுக்க நாலைந்து வருடம் ஆகும், ஆகவே இது சீக்கிரம் சரியாகாது. காலையில் கடை திறக்கும்போதே போங்கள். தெராமாச்சி தெருவில் ‘இப்போதோ’ (Ippodo) என்ற தேயிலைக் கடை, 1717-லிருந்து இருப்பது. அங்கேயே உட்கார்ந்து குடிக்கவும் இடம் உண்டு. பெட்டியில் ‘செரிமோனியல் கிரேட்’ என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஜப்பானில் அப்படி ஒரு அதிகாரபூர்வத் தரப்பிரிவே கிடையாது. கடைக்காரரிடம் ‘உசுச்சாவுக்கு’ (நுரை எழுப்பிக் குடிக்கும் மெல்லிய மச்சாவுக்கு) என்று சொல்லி, நடுத்தர விலையில் 20 கிராம் டப்பா ஒன்று வாங்கினால் போதும்.

வீட்டில்: 2 கிராம் சலித்துப் போட்டு, கொதித்து ஆறிய 80 டிகிரித் தண்ணீர் 70 மில்லி ஊற்றி, மூங்கில் கடைகோலான சாசெனால் மணிக்கட்டை மட்டும் ஆட்டி வேகமாக அடிக்க வேண்டும். சாசெனை முன்பே வெந்நீரில் நனைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முனைகள் ஒடியும். சென்னை ஈரப்பதத்துக்கு டப்பா ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். வெளியே எடுத்தவுடன் திறந்தால் உள்ளே நீர் கோத்துப் பொடி கட்டிவிடும், அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். பிரித்த டப்பாவை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.